கப்பல் கால்வாய்க்கு மேல் கேபிள் பாலம்: எப்படி வடிவமைக்கிறார்கள், எப்படிக் கட்டுகிறார்கள்?

கேரளத்தின் புனலூரில் பாலிடெக்னிக் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது: "சூயஸ், பனாமா மாதிரி கப்பல் போகும் கால்வாய்க்கு மேல் கேபிள் பாலம் எப்படி வடிவமைக்கிறார்கள்? கட்டும்போது கப்பல் போக்குவரத்தை நிறுத்துவார்களா? எங்க ஊர் தொங்குபாலமும் இதுவும் ஒரே வகைதானே? கொல்லம் தோட்டுக்கு (கொல்லம் ஊர்க் கால்வாய்க்கு) மேல் இப்படி ஒன்று கட்டினால் என்ன?"

முதலில் புனலூர். ஒரே வகை இல்லை. கல்லடை ஆற்றின் மேல் 1877-ல் முடித்த அந்தப் பாலத்தில் சங்கிலி கல்தூண்களின் மேல் ஏறி இறங்கி, கரையில் கிணறு போலத் தோண்டிய குழிகளுக்குள் போய் மாட்டப்பட்டிருக்கிறது. தளம் அந்தச் சங்கிலியில் தொங்குகிறது. இழுவை முழுவதையும் கடைசியில் தாங்குவது கரை மண்ணும் பாறையும்தான். கேபிள் பாலத்தில் கரைக்கு அந்த வேலை இல்லை. கோபுரத்திலிருந்து நேர்கோட்டில் சாய்வாக இறங்கும் கேபிள் தளத்தின் விளிம்பைப் பிடிக்கிறது. சாய்வாக இழுப்பதால் இழுவையின் ஒரு பங்கு தளத்தைத் தூக்கும், மறு பங்கு தளத்தைக் கோபுரத்தை நோக்கி நெருக்கும். இடப்பக்க நெருக்கலும் வலப்பக்க நெருக்கலும் கோபுரத்தடியில் சந்தித்து ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். கடலோரக் களிமண்ணில் ஆயிரக்கணக்கான டன் இழுவையைத் தாங்கும் நங்கூரக் குழி போடுவது பெரும்பாடு. கால்வாய்கள் பெரும்பாலும் அப்படிப்பட்ட மண்ணில்தான் ஓடுகின்றன. கேபிள் பாலம் அங்கே எடுபடுவதற்கு இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் கப்பல். சூயஸ் கால்வாயில் எல் கந்தாராவில் 2001-ல் திறந்த பாலத்தின் நடு ஸ்பான் (கோபுரத்துக்குக் கோபுரம் உள்ள நீளம்) 404 மீட்டர், தண்ணீருக்கு மேல் இடைவெளி 70 மீட்டர். பனாமாவில் 2004-ல் திறந்த சென்டென்னியல் பாலத்தில் இவை 420 மீட்டர், 80 மீட்டர். அதே கால்வாயின் அட்லாண்டிக் முகப்பில் 2019-ல் வந்த பாலத்தின் நடு ஸ்பான் 530 மீட்டர். நீளத்தை நிர்ணயிப்பது கால்வாயின் அகலம் மட்டுமல்ல. இன்றைய கரையோடு கோபுரத்தை ஒட்டி வைத்துவிட்டால் நாளைக்குக் கால்வாயை அகலப்படுத்த முடியாது. அதைவிட முக்கியம், கப்பல் தடம் மாறினால் முட்டும் இடத்தில் எதுவுமே இருக்கக் கூடாது.

முட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க நெடுஞ்சாலைத் துறைகள் பயன்படுத்தும் எளிய சூத்திரம் ஒன்று உண்டு. கப்பலின் சுமைத்திறனை டன்னில் எடுத்து வர்க்கமூலம் கண்டு, விநாடிக்கு எத்தனை மீட்டர் வேகம் என்பதால் பெருக்கி, பிறகு 0.12-ஆல் பெருக்கினால் மோதல் விசை மெகாநியூட்டனில் கிடைக்கும். ஒரு லட்சம் டன் கப்பல், விநாடிக்கு 5 மீட்டர் (கப்பல் வேகக் கணக்கில் சுமார் 10 நாட்) என்று வைத்தால் 190 மெகாநியூட்டன், அதாவது 19,000 டன்னுக்கு மேல். அதுவும் பக்கவாட்டில். எந்தச் சாதாரணத் தூணும் இதற்கு நிற்காது. 1980-ல் ஃப்ளோரிடாவின் சன்ஷைன் ஸ்கைவே பாலத்தில் கப்பல் மோதி 35 பேர் இறந்தார்கள். 2024 மார்ச்சில் பால்டிமோரில் 'டாலி' கப்பல் மோதியபோது பாலத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த 6 பேர் இறந்தார்கள். இரண்டிலும் தூண் கப்பல் எட்டும் தண்ணீரில் நின்றது. கோபுரத்தைக் கரையேற்றி வைக்க 100 மீட்டர் ஸ்பான் கூடினாலும் அதுதான் மலிவு. முடியாத இடத்தில் கோபுரத்தைச் சுற்றிக் கல்லும் மணலும் கொட்டிச் செயற்கைத் தீவு எழுப்புவார்கள். கப்பல் முதலில் அதில் தரைதட்டி நிற்கும்.

உயரத்தைப் பற்றிப் பலர் யோசிப்பதில்லை. 70 மீட்டர் ஏற 30-க்கு 1 சரிவு கொடுத்தால் ஒரு பக்கத்துக்கு 2.1 கிலோமீட்டர் ஏறுபாதை வேண்டும். பத்திரிகையில் படம் வருவது நடுவிலுள்ள அரை கிலோமீட்டருக்கு. மீதி நாலு கிலோமீட்டர்தான் நிலத்தையும் பைலையும் (மண்ணுக்குள் இறக்கும் அஸ்திவாரத் தூண்களையும்) விழுங்கும். சென்ட் கணக்கில் நிலம் விற்கும் கேரளக் கரையோரத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

ஏறாமல் தப்பிக்க வழி உண்டா? உண்டு, பாலத்தையே நகர்த்துவது. பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த ரயில் பாலத்தின் 72.5 மீட்டர் ஸ்பான் செங்குத்தாக மேலே ஏறும். சூயஸில் எல் ஃபெர்தான் ரயில் பாலம் 340 மீட்டர் ஸ்பானோடு பக்கவாட்டில் சுழலும். கப்பலோ வண்டியோ, ஏதாவது ஒன்று குறைவாக வரும் இடத்துக்கு இவை பொருந்தும். நாள் முழுக்கக் கப்பலும் லாரியும் ஓடும் இடத்தில் இரண்டு பக்கத்தாரிடமும் திட்டுதான் வாங்க வேண்டும்.

இப்போது கொல்லம் தோடு. அது தேசிய நீர்வழியோடு சேரும் பாதைதான், ஆனால் அதில் வருவது உள்நாட்டுப் படகும் பார்ஜும் (தட்டையான சரக்குப் படகு). ஒற்றை இலக்க மீட்டர் இடைவெளி போதும். நாற்பது ஐம்பது மீட்டர் ஸ்பானுக்குப் பிரீஸ்ட்ரெஸ் கர்டரோ (உள்ளே கம்பியை இழுத்து இறுக்கிய கான்கிரீட் உத்தரம்) வில் பாலமோ வைத்து முடித்துவிடலாம். கேபிள் பாலம் செலவுக்கு நியாயமாக வருவது ஏறக்குறைய 200 மீட்டருக்கு மேல். அதற்குக் கீழே கேபிள் கட்டுவது அழகுக்காக. அழகு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேபிளை நூறு வருடம் பராமரிக்கும் செலவையும் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும்.

வடிவமைப்பைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைப் பாலத்தை எடுத்துக்கொள்வோம். நடு ஸ்பான் 340 மீட்டர், பக்க ஸ்பான்கள் 150 மீட்டர் வீதம். தளம் 24 மீட்டர் அகலம். இரண்டு ஓரத்திலும் 2 மீட்டர் ஆழமுள்ள ஸ்டீல் கர்டர், நடுவே குறுக்குக் கர்டர்கள், மேலே 250 மில்லிமீட்டர் கான்கிரீட் ஸ்லாப். கோபுரம் தளத்துக்கு மேல் 75 மீட்டர். ஸ்பானில் நாலில் ஒன்றிலிருந்து ஐந்தில் ஒன்று வரை கோபுரம் வைப்பது வழக்கம். அதைவிடக் குட்டையானால் கேபிள் படுத்துவிடும், தூக்குவதைவிட நெருக்குவதே அதிகமாகும். இரண்டு ஓரத்திலும் 12 மீட்டருக்கு ஒரு கேபிள்.

ஒரு மீட்டர் தளத்துக்கு ஸ்லாப் 15 டன், ஸ்டீல் 4 டன், தார், தடுப்புச்சுவர், மற்றது 5 டன். மொத்தம் 24 டன். 12 மீட்டர் துண்டு 288 டன். இரண்டு ஓரமும் பங்கிட்டால் ஒரு கேபிள் தூக்க வேண்டியது 144 டன். கோபுரத்தை ஒட்டிய கேபிள் செங்குத்துக்குக் கிட்ட நிற்பதால் அதில் இழுவை 150 டன்னுக்குச் சற்று மேல்தான். கடைசிக் கேபிளோ கோபுரத்திலிருந்து 160 மீட்டர் தள்ளி, 72 மீட்டர் உயரத்திலிருந்து வருகிறது. சாய்வு 24 பாகை. அதே 144 டன்னைத் தூக்க அது 350 டன் இழுக்க வேண்டும். வண்டிச் சுமை சேர்த்து 450 டன் என்று வைப்போம். கேபிள் என்பது ஸ்ட்ராண்ட் என்ற ஸ்டீல் இழைகளின் கட்டு. 15.7 மில்லிமீட்டர் ஸ்ட்ராண்ட் ஒன்று அறும் விசை 28 டன்னுக்குச் சற்று மேல். கேபிளில் சேவைக் காலத்தில் அதில் 45 சதவீதத்துக்கு மேல் போகவிடுவதில்லை. கேபிள் தினமும் ஏறி இறங்கும் சுமையால் களைத்துப் போகும், அதனால் பிரீஸ்ட்ரெஸ் கர்டரில் இழுக்கும் அளவுக்கு இங்கே இழுப்பதில்லை. ஒரு ஸ்ட்ராண்டுக்கு 12.8 டன், எனவே 36 வேண்டும். கேபிள் முனையைப் பூட்டும் ஆங்கர் தலை 37 துளையில் கிடைக்கும், அதைப் போடலாம். கோபுரத்தருகே 19 போதும்.

தளத்தில் சேரும் நெருக்கலையும் கூட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் 13 கேபிள். ஒவ்வொன்றின் கிடைமட்டப் பங்கையும் கூட்டினால் ஒரு ஓரத்துக்கு 2,500 டன்னுக்கு மேல், இரண்டு ஓரமும் சேர்ந்து கோபுரத்தடியில் 5,000 டன். கான்கிரீட் ஸ்லாப் இங்கே சும்மா கிடக்கும் பாரம் இல்லை, நெருக்கலைத் தாங்கும் உறுப்பு. கொல்கத்தாவில் 1992-ல் திறந்த வித்யாசாகர் சேதுவும் ஸ்டீல் சட்டகத்தின் மேல் கான்கிரீட் ஸ்லாப்தான், நடு ஸ்பான் 457 மீட்டர்.

இதுவரை சொன்ன கணக்கை ஒரு மாணவர் ஒரு மத்தியானத்தில் போட்டுவிடலாம். முடிந்த பாலத்தின் கணக்கு அது. கேபிள் பாலத்தின் உண்மையான வடிவமைப்பு, முடியாத பாலத்தின் கணக்கு. ஒவ்வொரு துண்டு மாட்டும்போதும் அது வேறொரு கட்டமைப்பு. முன்பு மாட்டிய கேபிள்களின் இழுவை எல்லாம் மாறும், கோபுரம் வளையும், நுனி ஏறும் இறங்கும். இப்படி நூற்றுக்கணக்கான கட்டங்களைத் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். முடிந்த நிலையிலிருந்து ஒவ்வொரு துண்டாகக் கழற்றிப் பின்னோக்கி வருவார்கள், பிறகு கான்கிரீட்டின் சுருக்கத்தையும் தளர்வையும் சேர்த்து முன்னோக்கிப் போய்ச் சரிபார்ப்பார்கள். ராஜஸ்தானின் கோட்டாவில் சம்பல் ஆற்றுக் கேபிள் பாலம் 2009 டிசம்பர் 24 அன்று சரிந்து 48 பேர் இறந்தது கட்டுமானத்தின் நடுவில்தான்.

அஸ்திவாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். களிமண் ஆழமான இடத்தில் 1.5 முதல் 2.5 மீட்டர் விட்டமுள்ள துளைப் பைல்கள் பாறையைத் தொடும்வரை போகும். கொச்சி, ஆலப்புழைப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு இது பழக்கம். கெடுவது பெரும்பாலும் அடியில்: துளையடிச் சேற்றைச் சுத்தம் செய்யாமல் கான்கிரீட் விடுவது, கான்கிரீட்டை அடிவரை கொண்டுபோய் விடும் டிரெமி குழாயைக் கான்கிரீட்டுக்கு வெளியே இழுத்துவிடுவது. பைலுக்குள் குழாய் விட்டு ஒலியலை சோதனை செய்தால் இது தெரிந்துவிடும். பைல்களின் தலைகளைச் சேர்க்கும் கான்கிரீட் மேடையான பைல் கேப் சில ஆயிரம் கன மீட்டர். உள்ளே சூடு 70 டிகிரியைத் தாண்டக்கூடாது, உள்ளுக்கும் மேற்பரப்புக்கும் 20 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது என்பது வழக்கமான வரம்பு. ஃப்ளை ஆஷ் அல்லது ஸ்லாக் கலந்த சிமெண்டு, ஐஸ் போட்ட தண்ணீர், ராத்திரி கான்கிரீட் என்று பார்த்துக்கொள்வார்கள். ஏறுபாதைக்கு மண் கொட்டும் இடத்தில் களிமண் அமுங்கும்போது பக்கத்துப் பைலையும் கீழே இழுக்கும், அந்தச் சுமையைக் கணக்கில் விட்டால் பாலத்தின் முனையில் வருடா வருடம் தார் போட்டு மட்டம் சரிசெய்ய வேண்டி வரும்.

கோபுரம் மூன்று நாலு மீட்டராக ஏறும் ஷட்டரிங்கில் (கான்கிரீட் வார்க்கும் அச்சில்) வளரும். கால்கள் சாய்வாக இருந்தால் நடுவில் தற்காலிகக் குறுக்குக் கம்பம் வைத்து ஜாக்கால் தள்ளிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் விரிசல் வரும். மிகக் கவனமான வேலை மேலே, கேபிள் நுழையும் குழாய்களைப் பதிக்கும்போது. ஒரு மீட்டர் குழாயின் ஒரு முனை 5 மில்லிமீட்டர் விலகினால் கோணம் ஏறக்குறைய 0.3 பாகை தப்பும். கேபிள் நேராகத்தான் இழுக்கும், குழாய் கோணலாக இருந்தால் ஆங்கர் வாயில் கேபிள் மடங்கும். ஸ்ட்ராண்ட் களைத்து அறுவது அந்த மடிப்பில்தான் தொடங்கும். குழாயைத் தனித்தனியாகக் கம்பியில் கட்டிப் பதிப்பதைவிட, தொழிற்சாலையில் செய்த ஸ்டீல் பெட்டியில் எல்லாக் குழாயையும் சேர்த்துக் கொண்டுவந்து வைப்பது எனக்கு நல்லதாகப் படுகிறது. விலை கூடும், தலைவலி குறையும்.

இனி, கப்பலை நிறுத்துவார்களா என்ற கேள்வி. பொதுவாக இல்லை. தளத்தை இரண்டு பக்கமும் தராசு போல ஒரே நேரத்தில் நீட்டிக்கொண்டே போவார்கள், கீழே முட்டுக்கால் எதுவும் இருக்காது. பார்ஜில் துண்டுகளைக் கொண்டுவந்து கீழிருந்து தூக்குவது சுலபம், ஆனால் அந்த நேரம் கால்வாய் அடைபடும். எனவே பொருள் எல்லாம் கரையிலிருந்து, ஏற்கெனவே போட்ட தளத்தின் மேல் வண்டியில் நுனிக்கு வரும். நுனியில் நிற்கும் டெரிக் கிரேன் அதை எடுத்து முன்னால் வைக்கும். நடு ஸ்பானுக்கு அடியில் தொங்கும் வேலைத் தட்டும் வலையும் இடைவெளியைத் தின்னும். 70 மீட்டர் என்று கப்பல் கம்பெனிகளுக்குச் சொல்லியிருந்தால், அந்த 70 மீட்டர் வேலைத் தட்டுக்குக் கீழே, உச்ச நீர்மட்டத்துக்கு மேல், நுனி அதிகம் தொய்ந்திருக்கும் கட்டத்திலும் இருக்க வேண்டும். வெல்டிங் பொறி, கீழே விழும் போல்ட், இவைகூட டேங்கர் கப்பலுக்கு ஆபத்து. டேங்கர் கடக்கும் நேர அட்டவணையை வாங்கி அப்போது வெல்டிங்கை நிறுத்துவது ஒழுங்கான சைட்டின் அடையாளம். இன்னொன்று, ஸ்டீல் தளம் கப்பல் ரேடாரில் பொய்ப் பிம்பம் காட்டும். கப்பலை வழிநடத்தும் பைலட்டுகளுக்கு முன்கூட்டியே தகவல் போக வேண்டும்.

ஒரு துண்டின் வேலைச் சுற்று இப்படிப் போகும். டெரிக் இரண்டு ஓரக் கர்டரையும் குறுக்குக் கர்டரையும் முன்னால் பிடிக்கும், போல்ட் போடுவார்கள். கேபிளை மாட்டி முதல் இழுப்பு. பிறகு முன்வார்ப்பு ஸ்லாப் பலகைகளை வைத்து, இடைவெளியில் கான்கிரீட் ஊற்றிச் சேர்ப்பார்கள். அது பலம் ஏறியதும் இரண்டாம் இழுப்பு. அதன் பிறகே டெரிக் 12 மீட்டர் முன்னே நகரும். ஒரு சுற்றுக்கு ஒரு வாரம் முதல் பத்து நாள். இணைப்புக் கான்கிரீட் பலம் ஏறுமுன் டெரிக்கை நகர்த்தும் அவசரம்தான் ஸ்லாப் விரிசலுக்கு முக்கிய மூலம். பலகைகளை வார்த்து மூன்று மாதமாவது யார்டில் கிடக்கவிட வேண்டும். பச்சைப் பலகையைத் தூக்கி வைத்தால் அது மேலே போய்ச் சுருங்கி, தன் நெருக்கலையெல்லாம் ஸ்டீலுக்குத் தள்ளிவிடும்.

கேபிளை இழுப்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். முதலில் கருப்போ வெள்ளையோ நிறத்தில் ஒரு எச்டிபிஈ (கெட்டிப் பிளாஸ்டிக்) குழாயைத் தளத்தின் மேல் போட்டு, துண்டு துண்டாகச் சூட்டில் ஒட்டி, கிரேனால் தூக்கி இரண்டு முனையிலும் கட்டுவார்கள். உள்ளே ஸ்ட்ராண்டை ஒவ்வொன்றாக வின்ச் வைத்து மேலே அனுப்புவார்கள். ஒவ்வொரு ஸ்ட்ராண்டும் துத்தநாகம் பூசி, மெழுகு தடவி, தன் பங்குக்குத் தனி உறை போட்டிருக்கும். ஆங்கர் துளைக்குள் நுழையும் நீளத்துக்கு மட்டும் உறையை உரித்து, மெழுகைத் துடைத்துவிட்டு வெட்ஜ் (ஸ்ட்ராண்டைக் கவ்விப் பிடிக்கும் ஆப்பு) போடுவார்கள். துடைப்பது சரியாக இல்லாவிட்டால் வெட்ஜ் பல் பிடிக்காமல் நழுவும். கை அளவு ஜாக்கால் ஒவ்வொரு ஸ்ட்ராண்டாக இழுப்பார்கள். இதில் ஒரு சூட்சுமம். இரண்டாவது ஸ்ட்ராண்டை இழுத்ததும் தளம் சற்று ஏறும், முதல் ஸ்ட்ராண்ட் தளரும். பத்தாவதை இழுக்கும்போது முதலாவது இன்னும் தளர்ந்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே எண்ணில் இழுத்தால் முடிவில் 37-க்கும் 37 வேறு இழுவை இருக்கும். அதனால் முதல் ஸ்ட்ராண்டில் ஒரு லோட் செல் (விசையை அளக்கும் கருவி) வைத்து, அது அந்த நொடியில் காட்டும் எண்ணுக்கே புதிய ஸ்ட்ராண்டைப் பூட்டுவார்கள். முதலாவது தளரத் தளர அடுத்ததும் அதே அளவில் பூட்டப்படும். கடைசியில் எல்லாம் இரண்டு மூன்று சதவீதத்துக்குள் ஒத்து வரும்.

175 மீட்டர் நீளமுள்ள கடைசிக் கேபிள் தன் முழு நிரந்தர இழுவைக்கு வரும்போது அரை மீட்டருக்கு மேல் நீண்டிருக்கும். ஜாக்கின் வீச்சும் ஆங்கருக்குப் பின்னால் விட்ட ஸ்ட்ராண்ட் வாலும் அதற்குத் தக்கதாக இருக்க வேண்டும். இழுவை குறைவாக இருக்கும் முதல் கட்டத்தில் இன்னொரு சிக்கல். கேபிள் தன் எடையால் தொய்ந்திருப்பதால், இழுக்கும்போது ஸ்டீல் நீள்வதற்கு முன் தொய்வுதான் நிமிரும். முழு இழுவையில் இந்தத் தொய்வால் விறைப்பு இரண்டு சதவீதம் போலத்தான் குறையும். இழுவை அதில் நாலில் ஒன்றாக இருக்கும்போது இதே கேபிள் பாதி விறைப்புள்ள ஸ்டீல் போல நடந்துகொள்ளும். இதைக் கணக்கில் சேர்க்காத ஆள், முதல் இழுப்பில் நுனி எதிர்பார்த்த மட்டத்துக்கு வரவில்லை என்று ஜாக் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார்.

மட்டம் பார்க்கும் நேரம் விடியற்காலை, வெயில் படுமுன். கருப்புக் குழாய்க்குள் இருக்கும் கேபிள் தளத்தைவிட 10 டிகிரி கூடச் சூடானால் 21 மில்லிமீட்டர் நீளும். சாய்வு 24 பாகை என்பதால் நுனி 50 மில்லிமீட்டர் இறங்கும். மத்தியானம் எடுத்த மட்டத்தைப் பார்த்துக் கேபிளைத் திருத்தினால் வெயிலைத் திருத்தியதாகத்தான் ஆகும். அடுத்த நாள் காலையில் நுனி மேலே நிற்கும்.

கணக்கு சொன்ன மட்டமும் ஜாக் காட்டும் விசையும் ஒத்துவராதபோது எதை நம்புவது? கோபுரத்தருகே இருக்கும் குட்டைக் கேபிளில் விசையை நம்புங்கள். அங்கே சில மில்லிமீட்டர் நீளத் தவறு பெரிய விசைத் தவறாகும், மட்டத்தில் ஒன்றுமே தெரியாது. தூரத்து நீளக் கேபிளில் மட்டத்தை நம்புங்கள். அங்கே இரண்டு சதவீத விசைத் தவறே நுனியை இரண்டு மூன்று சென்டிமீட்டர் நகர்த்திக் காட்டிவிடும். இரண்டும் ஒரே திசையில் தொடர்ந்து தப்பினால் கேபிளைத் தொடாதீர்கள், எடையைப் பாருங்கள். ஸ்லாப் 10 மில்லிமீட்டர் கூடுதல் கனத்தில் வார்க்கப்பட்டிருந்தால் நடு ஸ்பானில் மட்டும் 200 டன் கூடத் தொங்கும். டெரிக்கின் உண்மை எடையும், ஓரமாக அடுக்கி வைத்த ஷட்டரிங் பலகையும், தண்ணீர் டேங்கரும்கூட அந்தக் கணக்கில் சேர்த்தி. மட்டம் எடுக்கும் நேரத்தில் தளத்தின் மேல் என்னென்ன எங்கெங்கே நின்றது என்று ஒரு வரைபடம் குறித்து வைப்பது சோம்பேறிகள் விட்டுவிடும் வேலை. பிறகு குழப்பம் வந்தால் தீர்த்துவைப்பது அந்தத் தாள்தான்.

பாலம் மிகவும் பலவீனமாக இருப்பது நடுவில் சேர்வதற்கு முந்தின வாரங்களில். 160 மீட்டர் தளம் ஒரு கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு காற்றில் நிற்கிறது. பக்க ஸ்பானில் கரைத் தூணை எட்டிக் கட்டிவிட்டால் பாதி உயிர் வரும். அதனால் பக்க ஸ்பானை முந்திக்கொண்டு முடிக்கும்படி அட்டவணை போடுவார்கள். அந்தக் கரைத் தூணில் சுமை கீழ்நோக்கி இருக்காது, கடைசிக் கேபிள்கள் அதை மேலே பிடுங்கும். கம்பியால் கீழே கட்ட வேண்டும் அல்லது தளத்துக்குள் கான்கிரீட் எடை நிரப்ப வேண்டும். கட்டுமானக் காலத்தில் தளத்தைக் கோபுரத்தோடு தற்காலிகமாகப் பூட்டி வைத்திருப்பார்கள். கேரளக் கரையில் இந்த வாரங்கள் இடவப்பாதி மழையில் (தென்மேற்குப் பருவமழையில்) விழாதபடி திட்டமிடுவது முதல் பாடம்.

நடுத் துண்டை மாட்டும் நாளில், இரண்டு நுனியையும் குறுக்கே கனமான ஸ்டீல் கர்டரால் பிணைத்து மட்டத்தை ஒத்துக்கொண்டு வருவார்கள். முந்தின சில நாட்கள் மணிக்கொரு தரம் இடைவெளியை அளந்து, எந்த நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் என்று பட்டியல் போட்டு, அந்த நீளத்துக்கு நடுத் துண்டை வெட்டுவார்கள். விடியலில் போல்ட் ஏறியதும் அன்றைக்கே, வெயில் ஏறுமுன், கோபுரத்தடிப் பூட்டை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு கோபுரத்துக்கும் நடுவே பூட்டப்பட்ட 340 மீட்டர் தளம் வெயிலில் நீளப் பார்க்கும். 10 டிகிரிக்கு 40 மில்லிமீட்டர். போவதற்கு இடமில்லாமல் கோபுரத்தைத் தள்ளும்.

கட்டி முடித்த பிறகு கேபிளுக்கு இரண்டு எதிரிகள், மழையோடு சேர்ந்த காற்றும் தேங்கும் தண்ணீரும். தூறலோடு மிதமான காற்று, விநாடிக்கு 8 முதல் 15 மீட்டர் போல, வீசும்போது கேபிளின் மேல்புறத்தில் தண்ணீர் ஒரு கோடாக வழிந்து, கேபிளின் உருண்டை வடிவத்தையே காற்றுக்கு மாற்றிக் காட்டும். புயல் வேண்டாம், இதற்கே கேபிள் ஆள் உயரத்துக்கு ஆடும். 1980-களில் ஜப்பானின் மெய்க்கோ நிஷி பாலத்தில் இதைக் கண்டுபிடித்துப் பெயர் வைத்தார்கள். ஹூஸ்டன் கப்பல் கால்வாயின் மேல் 1995-ல் வந்த ஃப்ரெட் ஹார்ட்மன் பாலத்தில் கேபிள்கள் இப்படி ஆடிய பிறகு டேம்பர் (ஆட்டத்தைத் தணிக்கும் கருவி) பொருத்த வேண்டி வந்தது. இப்போது குழாயின் மேலேயே சுருள் வரியாக ஒரு மெல்லிய விளிம்பு வைத்து வார்க்கிறார்கள், அது வழியும் கோட்டைக் கலைத்துவிடும். நீளக் கேபிள்களுக்கு அடியில் டேம்பரும் வேண்டும்.

தண்ணீரின் கதை வேறு. கேபிளுக்குள் புகும் துளி கீழ் ஆங்கரில் போய்த் தங்கும். ரப்பர் மூடி கிழிந்ததா, ஆங்கர் தொப்பியின் அடியில் வடிகால் துளை அடைபட்டதா என்று பார்ப்பது ஒரு ஏணியும் டார்ச்சும் இருந்தால் ஆகும் வேலை. கவனிக்காமல் விடுவதும் இதையேதான். ஜெனோவாவில் 2018 ஆகஸ்ட் 14 அன்று விழுந்து 43 பேரைக் கொன்ற மொராண்டி பாலத்தில் ஸ்டீல் கம்பிகள் கான்கிரீட்டுக்குள் புதைந்திருந்தன. உள்ளே துரு பிடித்தது வெளியே தெரியாது. கோபுரத்துக்கு நாலே நாலு கேபிள் என்பதால் ஒன்று போனதும் எல்லாம் போனது. அதனால்தான் இன்று 12 மீட்டருக்கு ஒன்றாக நிறையக் கேபிள் வைத்து, எந்த ஒன்று திடீரென்று அறுந்தாலும் பாலம் நிற்க வேண்டும், எந்த ஒன்றையும் வண்டிகளைக் குறைத்து ஓடவிட்டபடியே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்று விதி வைக்கிறார்கள்.

திறப்பதற்கு முன் ஒவ்வொரு கேபிளிலும் ஒரு அதிர்வு உணரியைக் கட்டி, இயல்பாக ஆடும் அதிர்வெண்ணைக் குறிக்க வேண்டும். வயலின் தந்தி போல இழுவை கூடினால் அதிர்வெண் கூடும், இழுவை 10 சதவீதம் விழுந்தால் அதிர்வெண் 5 சதவீதம் விழும். நம் கற்பனைப் பாலத்தின் கடைசிக் கேபிள், மீட்டருக்கு 58 கிலோ எடையும் 350 டன் இழுவையும் இருந்தால், ஏறக்குறைய 0.70 ஹெர்ட்ஸ் காட்டும். அதே கேபிள் பின்னொரு நாளில் 0.66 காட்டினால் பத்தில் ஒரு பங்கு இழுவை எங்கோ போயிருக்கிறது, பக்கத்துக் கேபிள்கள் அதைச் சுமக்கின்றன என்று அர்த்தம். முதல் நாள் பட்டியலில் தளத்தின் வெப்பநிலையும் தார் போடுவதற்கு முன்னா பின்னா என்பதும் சேர்ந்து எழுதியிருந்தால்தான் அந்த ஒப்பீடு செல்லும்.